தூம்பாக் கொட்டகைச் சாவி

தோழர்களே, எங்க பங்கில் அன்பியம் உண்டு, மரியாயின் சேனை உண்டு, வின்சென்ட் தே பால் சபை உண்டு. ‘ஒரே குடும்பமா வாழறதுதான் பங்கோட ஆன்மிக இலக்கு’ என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். எங்க தாத்தா செத்தப்போ பங்குத் தூம்பா சேரிக்குள் வரவில்லை. மூங்கில் பாடையில்தான் தூக்கிப்போனோம். உதவி அரிசி கொண்டுவந்த சபைக்காரரும் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார். பிறர்சிநேகம் அதுக்கு மேல நடக்காது போல! 2008இல் எறையூர் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதும் இந்த மாதிரி அவமானத்தால்தான். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. சரி, எழுதியாச்சு. வர்ற ஞாயிறு பங்குப் பேரவை கூடுது. தூம்பாக் கொட்டகைச் சாவி இனி யார் கையில் என்றுதான் முதலில் கேட்கப்போகிறோம். நீங்களும் வாங்க.