பழைய சுவர்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

 

பழைய மாணவர்கள் கூடுகிற இடத்தில் பழைய கட்டிடங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பட்டம் வாங்கிய புதிது. போடியில் என் தாத்தா கட்டிய வீட்டில் சுவரின் அடிப்பக்கம் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்தது. "நம்ம வீட்டுலயே இன்ஜினியர் இருக்கான், அவன் சொல்றபடி செய்வோம்" என்றார் பெரியப்பா. நான் யோசிக்கவே இல்லை. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னேன். முதல் மழைக்கு வீடு புதுசு மாதிரி இருந்தது. இரண்டாம் மழைக்கு ஜன்னல் உயரம் வரை உப்புப் பூத்தது. பிறகு சுவருக்குள் இருந்த தேக்கு விட்டத்தின் நுனி மக்கிப்போனது. கடைசியில் வீட்டையே இடித்தோம். இடித்தது ஜேசிபி, இடிக்க வேண்டிய நிலைமையைக் கொண்டுவந்தவன் நான்.

காரணம் எளிது. செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதேபோல வெளியேயும் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். அதோடு வரும் உப்பு, காயும் இடத்தில் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். நாலு வருஷம் படித்த படிப்பில் சிமெண்டைப் பற்றி நிறையப் படித்தேன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்த கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

என் வீடு போனால் ஒரு குடும்பத்தின் நஷ்டம். போடி ஜமீன் அரண்மனையில் இராமாயணக் காட்சிகள் சுவரோவியங்களாக இருக்கின்றன. அந்த மாதிரிச் சுவரில் யாராவது நான் செய்ததைச் செய்தால்? படம் பூச்சோடு சேர்ந்து உதிரும். திரும்ப வரைய முடியாது.

அரண்மனையாவது ஊருக்குத் தெரியும். மற்றவற்றை யோசித்துப் பாருங்கள். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. மூணாறு தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துப் போனது. மலைமேல் விறகு அடுப்பு வைத்து ஏலக்காய் உலர்த்திய ஸ்டோர்கள், ஊருக்குள் ஏலக்காய்க் கிட்டங்கிகள், மச்சு வீடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊரின் சரித்திரம். அரண்மனை மட்டும் அல்ல.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை நாம் வியந்து பார்க்கிறோம். இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான். 1860-களில் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க முனையாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. பிறகு அந்த இடமே மாறிவிட்டது. ஆனால் சேப்பாக்கம் கலஸ் மகால் 2012-இல் எரிந்தபோது பொதுப்பணித் துறையினர் அதை மீட்டுக் கட்டினார்கள். ஆக, முடியாத காரியம் அல்ல.

சட்டமும் இருக்கிறது. பம்பாயில் 1995-லேயே பாரம்பரியக் கட்டிடங்களைத் தரம் பிரித்து விதி செய்தார்கள். முதல் தரத்தில் கை வைக்கக் கூடாது; அடுத்த தரங்களில் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது; நடைமுறைக்கு வந்தது 2024-இல்தான். நடுவில் போன பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை திண்ணை போனதோ!

"நீ பாட்டுக்குப் பேசிட்டுப் போயிருவ, ஓடு மாத்த யாரு காசு தருவா?" என்று ஒரு வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் "இடிக்காதே" என்று மட்டும் சொன்னால் வீடு தானாக விழுகிற வரை அவர் காத்திருப்பார். வீட்டுவரியில் சலுகை வேண்டும். அந்த மனையில் கட்ட முடியாத மாடியின் உரிமையை வேறு இடத்துக்கு விற்க வழி வேண்டும். கட்டிடத்துக்கு ஒரு பிழைப்பும் வேண்டும். செட்டிநாட்டில் சில வீடுகள் தங்கும் விடுதியாகி நிற்கின்றன. மூணாறு போகிற வண்டி போடிமெட்டு ஏறுமுன் நம் ஊரைத் தாண்டித்தானே போகிறது?

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது. நாம் செய்யக்கூடியது மூன்று.

ஒன்று, பட்டியல். ஊரிலும் மலையடிவாரத்திலும் உள்ள பழைய கட்டிடங்களைத் தெருத்தெருவாகப் பதிவு செய்வோம். எது இருக்கிறது என்றே தெரியாமல் எதைக் காப்பது?

இரண்டு, அளவு. படிக்கும் தம்பி தங்கைகள் விடுமுறையில் நாடாப் பிடித்து அளந்து, வரைபடமும் புகைப்படமும் எடுத்து வைக்கட்டும். நாளைக்கு இடிந்தாலும் வரைபடம் மிஞ்சும்.

மூன்று, கைப்பக்குவம். சுண்ணாம்பு வேலையும் மெட்ராஸ் டெரஸ் வேலையும் தெரிந்த மூத்த கொத்தனார்களைக் கல்லூரிக்கு அழைத்து, மரியாதை செய்து, சம்பளம் கொடுத்து நமக்குச் சொல்லித்தரச் சொல்வோம். அவர்கள் போய்விட்டால் எந்த ஆணையத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பெரியப்பா இன்றைக்கும் என்மேல் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொன்னதில்லை. வீட்டை இடித்தபோது எடுத்த கதவு நிலை ஒன்றைப் புது வீட்டின் பின்கட்டில் சாத்தி வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. உங்களில் யாருக்கும் அந்தக் கஷ்டம் வரக்கூடாது. வீட்டில் யாராவது "இன்ஜினியர் சொன்னா சரி" என்று சொன்னால், தயவுசெய்து ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.