நந்தவனத்து ரோஜா
(திருக்குட நன்னீராட்டு விழா மேடையில் ஆற்றிய சொற்பொழிவு)



கோபுரக் கலசங்களில் சொரிந்த புனித நீர் நம் தலைமேலும் தெளிக்கப்பெற்ற இந்த நன்னாளில், ஆகமங்களின் பெருமையையும் திருமுறைகளின் சுவையையும் விரித்துரைக்கும் பேரறிஞர்கள் பலர் இம்மேடையில் பேசியுள்ளனர். அவர்களுக்கு நடுவே ரோஜாச் செடியைப் பற்றிப் பேசுமாறு திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். நான் தோட்டக்கலை கற்றுப் பட்டம் பெற்றவன் அல்லேன். நாற்பது ஆண்டுகளாகப் பூக்குடலை சுமந்தவன், அவ்வளவே. ஆகவே என் சொல்லில் குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இக்கோயிலின் மடைப்பள்ளிக்குப் பின்னே இருபது அடிச் சதுரத்தில் ஒரு நிலம் உண்டு. கல்லும் கரியும் கொட்டிக் கிடந்த அந்நிலத்தைத் திருப்பணிக் குழுவினர் செப்பம் செய்து, வேலியிட்டு, நந்தவனம் அமைக்க ஒதுக்கியுள்ளனர். அங்கே ரோஜா வைப்பதென்றும் முடிவு செய்துள்ளனர். உபயதாரர்கள் எழுதித் தந்த செடிகளின் பட்டியலை என்னிடம் காட்டினார்கள். வண்ண வண்ணமாய் ஐம்பது வகைகள் அதில் இருந்தன. பட்டியலைக் கண்டு மகிழ்ந்தேன், அஞ்சவும் செய்தேன். அந்த அச்சத்தின் காரணத்தைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். ரோஜா நம் நாட்டுத் தொன்மையான மலர் அன்றே, அதை இறைவனுக்குச் சூட்டலாமா என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் மலர்களில் ரோஜா இல்லை. ஆயினும் இம்மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு அந்த ஐயத்தை எழுப்பலாகாது. உச்சிப்பிள்ளையாருக்குக் கீழே கோயில் கொண்டிருக்கும் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் ஒரு திருநாமம் உண்டு. சாரமா முனிவர் நாகலோகத்திலிருந்து செவ்வந்தியைக் கொணர்ந்து, நந்தவனம் வைத்து வளர்த்து, நாள்தோறும் பெருமானுக்குச் சாத்தி வந்தார் என்பது தலபுராணம். எங்கிருந்தோ வந்த ஒரு மலரே இத்தலத்து இறைவனுக்குப் பெயராயிற்று. வந்த இடத்தை அவன் கேட்கவில்லை. வளர்த்த கையையே பார்த்தான்.

அந்த வரலாற்றின் பிற்பகுதியையும் நினைவிற்கொள்க. வணிகன் ஒருவன் முனிவரின் நந்தவனத்துப் பூக்களைத் திருடி உறையூர் அரசனுக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் அரசன் செவிசாய்க்கவில்லை. கிழக்கு நோக்கியிருந்த பெருமான், முனிவரின் துயர் கண்டு உறையூர் இருக்கும் மேற்றிசை நோக்கித் திரும்பினார். உறையூர் மண்மாரியால் அழிந்தது என்பர். இன்றும் சுவாமி மேற்கு நோக்கியே எழுந்தருளியிருக்கிறார். கொடிமரமோ அவருக்குப் பின்னே கிழக்கில் நிற்கிறது. நந்தவனத்துக்கு நேரும் தீங்கு சிறு குற்றம் அன்று என்பதே அதன் கருத்து. பூவைத் திருடுவது ஒரு தீங்கு. செடியை வைத்துவிட்டு மறந்துபோவது மற்றொரு தீங்கு. முதல் தீங்கைச் செய்பவர் இன்று அரியர். இரண்டாவதைச் செய்பவர் பலர். அவர்களுள் ஒருவனாக அடியேனும் இருந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊர்க் கோயிலில் நந்தவனப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கண்ணைப் பறிக்கும் பெரிய பூக்கள் வேண்டும் என்ற ஆசையால், குளிர்ந்த மலைப்பகுதியிலிருந்து நாற்பது ஒட்டுச் செடிகளை வருவித்தேன். மார்கழியில் நட்டோம். மாசியில் அவை பூத்த அழகைக் கண்டு ஊரே வியந்தது. சித்திரை பிறந்தது. மகள் வீட்டிற்குச் சென்ற நான் இருபது நாள் கழித்துத் திரும்பினேன். அக்கினி நட்சத்திரம் கழிவதற்குள் முப்பத்தொரு செடிகள் பட்டுப்போயின. எஞ்சிய ஒன்பதில், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய காட்டுக்கொம்புகளே தழைத்தன. அவற்றில் பூவில்லை, முள் மட்டும் இருந்தது. ஆனால் அதே கோயிலில், கிணற்றடியில், ஒரு மூதாட்டி என்றோ ஊன்றிய நாட்டு ரோஜாக் குச்சி ஒன்று புதராய் வளர்ந்து அந்த வெயிலிலும் நாலு பூப் பூத்திருந்தது. அந்த அம்மையார் வழிபட வரும்போதெல்லாம் அதற்கு ஒரு செம்பு நீர் வார்ப்பார். நான் கற்ற தோட்டக்கலை முழுவதும் அந்தக் கிணற்றடியில் கற்றதே.

ஆகவே, ரோஜாவைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணையும் வெயிலையும் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். உதகமண்டலத்தில் 1995ஆம் ஆண்டு அமைந்த அரசு ரோஜாப் பூங்கா, உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பினது விருதை 2006இல் பெற்றது. அதன் சிறப்பு நமக்குப் பெருமையே. ஆனால் அவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் திருச்சிராப்பள்ளி நகரமோ நூறு மீட்டர் உயரமும் இல்லாதது. கோடையில் நாற்பது பாகை வெப்பத்தைக் காண்பது. ஓசூரின் பசுங்குடில்களில் நீண்ட காம்போடு வளரும் ரோஜாக்கள் பூச்செண்டுக்கும் மேசைக்கும் உரியவை. அவற்றுள் பலவற்றுக்கு நிறம் உண்டு, நெடுநாள் வாடாத தன்மை உண்டு, மணம் இல்லை. மாலைக்கு வேண்டுவது காம்பு அன்று, இதழும் மணமுமே.

நமக்கு ஏற்றது பூக்கடைகளில் நாட்டு ரோஜா, பன்னீர் ரோஜா என்றெல்லாம் வழங்குவதும், தோட்டக்கலை நூல்கள் எட்வர்டு ரோஜா எனக் குறிப்பதுமாகிய வகையாகும். இளஞ்சிவப்பு நிறமும் இனிய மணமும் உடையது. இதன் வரலாறும் கேட்கத் தக்கது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என இன்று வழங்கும் தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அறியப்பட்டது. சீன ரோஜாவும் டமாஸ்கு ரோஜாவும் வேலியோரத்தில் தாமே கலந்து பிறந்த இனம் இது என்பர். சீன ரோஜாவிடமிருந்து அடிக்கடி பூக்கும் இயல்பையும், டமாஸ்கு ரோஜாவிடமிருந்து மணத்தையும் பெற்றது. இதற்கு ஒட்டுக் கட்ட வேண்டுவதில்லை. முதிர்ந்த கொம்பைப் போத்தாக நறுக்கி ஊன்றினாலே வேர்விடும். தன் வேரில் தானே நிற்பதால் காட்டுக்கொம்பு கிளம்பும் தொல்லையும் இல்லை.

ஒட்டுச் செடியே வேண்டும் என்போர், கட்டிய இடத்துக்குக் கீழே தளிர் தோன்றிய அன்றே அதை அடியோடு கிள்ளிவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டால் அது தாயைத் தின்னும் பிள்ளை ஆகும்.

இருபது அடிச் சதுரத்தில் ஐம்பது செடிகள் வைத்தல் கூடாது. வரிசைக்கு வரிசை 2 மீட்டரும் செடிக்குச் செடி 1 மீட்டரும் இடைவெளி வேண்டும். பதினெட்டுச் செடிகளே அந்நிலத்துக்குப் போதும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் குன்றும். சாம்பல் நோயும் இலைகளில் கரும்புள்ளியும் தோன்றும். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பார்த்து, நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் கொண்ட குழி எடுத்து, சில நாள் ஆறவிட்டு, மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து இட்டு நடுக.

நிலத்தின் தன்மையையும் அறிந்துகொள்க. திருவரங்கத்தில் இருப்பவர்கள் பேறு பெற்றவர்கள். காவிரியும் கொள்ளிடமும் சேர்த்த வண்டல் அவர்களுக்கு உண்டு. நகருக்குத் தெற்கிலும் மேற்கிலும் சில இடங்களில் மண் களராகவும் கிணற்று நீர் உப்பாகவும் இருக்கிறது. ரோஜா உப்பைப் பொறுக்காது; இலை ஓரம் கருகும். நவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன. நட்ட பிறகு வருந்துவதைவிட, நடுவதற்கு முன்னே அறிந்தவர்களிடம் மண்ணையும் நீரையும் காட்டிக் கேட்பது நன்று.

நீர் பாய்ச்சுவதிலும் ஒரு முறை உண்டு. காலையில் வேருக்கு வாருங்கள். மாலையில் இலை நனைய ஊற்றாதீர்கள். இரவு முழுதும் ஈரம் தங்கிய இலை நோய்க்கு இடமாகும். பங்குனி முதல் ஆனி வரை செடியைச் சுற்றிக் காய்ந்த இலையும் வைக்கோலும் பரப்பி மூடாக்கு இட்டால் பாதி நீர்த் தேவை குறையும். மூடாக்கு மட்டும் தண்டைத் தொடலாகாது.

அடுத்தது கவாத்து. நம் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்குரிய காலம். செடியைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, நோயுற்ற கொம்புகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் களைய வேண்டும். வெட்டுவாயில் போர்டோப் பசை தடவாவிட்டால் ஐப்பசி மழை நுனிக்கருகல் நோயைக் கொண்டுவரும். வெட்டிய ஆறேழு வாரங்களில் புதுப்பூ வரும். எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டினால் பூசைக்கு ஒன்றரை மாதம் பூ இராது. ஆகவே ஒன்பது செடிகளை ஐப்பசித் தொடக்கத்தில் வெட்டுக. அவை மார்கழித் திருப்பள்ளியெழுச்சிக்கு முன்னரே பூக்கத் தொடங்கும். மற்ற ஒன்பதைக் கார்த்திகை நடுவில் வெட்டுக. அவை தைக்கு உதவும். நந்தவனத்தின் கவாத்து, பஞ்சாங்கத்தைப் பார்த்தே நடைபெற வேண்டும்.

கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை, செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரம் இடுக. இங்கே கோயிலுக்கு மட்டும் கிடைக்கும் செல்வம் ஒன்று உண்டு. இறைவன் களைந்த நிர்மாலியம், கால்படும் இடத்தில் எறியத் தகாதது. அதை ஒரு குழியில் இட்டு, சாணமும் மண்ணும் அடுக்கி மக்கவைத்தால், சூடிய மலரே சூடப்போகும் மலருக்கு உணவாகும். ஆனால் வாழைநாரில் தொடுத்த மாலையே மக்கும். நைலான் நூலும் சரிகைத் தாளும் மக்கா. மாலை கட்டுவோரும் மாலை வாங்கித் தருவோரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

பூச்சிகளைப் பற்றி ஒரு சொல். மாவுப்பூச்சி, இலைப்பேன், செதிற்பூச்சி ஆகியவை ரோஜாவை நாடும். சந்தைக்கு வளர்ப்பவர் கடுமையான மருந்து தெளிப்பதைக் குறை கூறுவதற்கில்லை. அது அவர் வயிற்றுப்பாடு. ஆனால் நம் மாலை அருச்சகர் கையிலும், பிரசாதமாய்க் குழந்தைகள் கையிலும் புழங்குவது. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் படுமாறு தெளியுங்கள். நாள்தோறும் செடியைப் பார்க்கும் கண் இருந்தால் அதற்குமேல் பெரும்பாலும் வேண்டியிராது. பூச்சியும் நோயும் மிகுவது, பார்க்க ஆளில்லாத தோட்டத்திலேயே.

பறிப்பது விடியற்காலையில் இருக்கட்டும். பாதி விரிந்த பூவைப் பனி உலருமுன் கொய்து, முகராமல், தரையில் வைக்காமல், குடலையில் சேர்க்க வேண்டும். உதிரும்வரை பூவைச் செடியில் விட்டால் செடி காய்பிடித்துச் சோர்வுறும். கொய்யக் கொய்யப் பூப்பது ரோஜாவின் இயல்பு. கொடுப்பதால் குறையாத செல்வம் என்று கல்வியைச் சொல்வர். அந்த வரிசையில் இதையும் சேர்க்கலாம்.

இனி, என் அச்சத்தின் காரணத்தைச் சொல்கிறேன். திருமண்டங்குடியில் தோன்றிய விப்ரநாராயணர் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் தொண்டு செய்து தொண்டரடிப்பொடியாழ்வார் ஆனார். திருமாலையும் திருப்பள்ளியெழுச்சியும் பாடிய அப்பெருமான், செடிக்கு நீர் வார்க்கும் தொண்டைத் தம் புலமைக்குத் தாழ்ந்ததென எண்ணவில்லை. நாமோ நந்தவனத்துக்கு உபயம் எழுதுகிறோம். கல்லில் பெயர் பொறிக்கிறோம். நீர் வார்க்க ஆள் தேடுகிறோம். ஐம்பது உபயதாரர் பெயர் அப்பட்டியலில் இருந்தது. நீர் வார்ப்பவர் பெயர் ஒன்றும் இல்லை.

இன்று தொடங்கி நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிடேகம் நடைபெறும். நட்ட போத்து வேரூன்றித் தளிர்க்கவும் அவ்வளவு நாள் ஆகும். ஆகவே அடியேனின் விண்ணப்பம் இது. ஐம்பது செடிகள் வேண்டா, பதினெட்டுப் போதும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு வீட்டார் பொறுப்பேற்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அண்டை வீட்டாரிடம் சாவியை ஒப்படைப்பதுபோல் செடியையும் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். பதினெட்டு வீட்டார் முன்வராவிட்டால், முன்வருவோர் எத்தனை பேரோ அத்தனை செடிகளே நடுவோம். ஐந்து பேரே வந்தாலும் ஐந்து செடிகள் சித்திரையைக் கடந்து நிற்கும். அவ்வைந்தும் போத்துக் கொடுத்து அடுத்த ஆண்டு பதினெட்டாகும்.

நாளைக் காலை பூசை முடிந்ததும் மண்வெட்டியோடு அந்நிலத்தில் காத்திருப்பேன். முதற் செடியின் பொறுப்பு என்னுடையது. இம்முறை சித்திரையில் எவ்வூருக்கும் போவதாக இல்லை.

செவ்வந்திநாதன் திருவருள் நம் அனைவருக்கும் துணை நிற்பதாகுக.