இணைக்குரல்



திருத்தங்கலைச் சுற்றியுள்ள கரிசற் புஞ்செய்களில், வைகறைப் பொழுதில் கௌதாரி கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒற்றைப் பறவைதான் ஓயாது கூவுகிறது என்று எண்ணத் தோன்றும். ஊன்றிக் கேட்டால், பல வேளைகளில் இரண்டு குரல்கள் அதில் பின்னிக் கிடப்பது புலனாகும். பெட்டையின் தனிக்குரல் ‘டீ, டீ, டீ’ என ஒலிப்பது. அயலாருக்கு அறைகூவல் விடுக்கும்போதோ, சேவலும் பெட்டையும் ஒன்றன் குரலில் மற்றொன்று சேர்ந்து, ஒரே கூவல் போல முழக்குகின்றன. செம்போத்தும் இவ்வாறு கூவுவதுண்டு. வேலிப் புதரிலிருந்து எழும் ‘கூப், கூப்’ என்னும் ஒலியில் தாழ்ந்த சுருதி பெட்டையுடையது; உருவத்திலும் அதுவே சற்றுப் பெரிது.

பெட்டைப் பறவை பாடாது என்ற கருத்து நெடுங்காலம் வழங்கிற்று. குளிர்நாட்டு அறிஞர் தம் தோட்டத்துப் பறவைகளைக் கண்டு எழுதியது அது! 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகெங்கும் ஆராயப்பெற்ற பாடும் பறவையினங்களில் நூற்றுக்கு 71இல் பெட்டையும் பாடுகிறது என்று காட்டியது. இணைப்பாட்டு வெப்ப நாடுகளிலேயே மிகுதி.

இருவரும் சேர்ந்து பாடுவானேன்? சங்கப் புலவர் அன்றிலின் குரலில் பிரிவாற்றாமையைக் கேட்டனர். கவிதைக்கு அது பொருந்தும். ஆயினும் இணைப்பாட்டு பெரும்பாலும் குரலால் இட்ட வேலியே ஆகும். ‘இந்நிலத்துக்கு உரியவர் இருவர் இருக்கிறோம்’ என்பதே அதன் பொருள். ஆஸ்திரேலியாவில் மாக்பை லார்க் என்றொரு பறவை உண்டு. 2007இல் ஹால், மக்ராத் என்னும் இருவர், அதன் இணைப்பாட்டுகளைப் பதிவு செய்து அயற்பறவைகள் கேட்க ஒலிக்கச் செய்தனர். தாளம் பிசகாத பாட்டுக்கே சேவல்கள் மிகுதியாகச் சினந்து மறுமொழி கூறின. நெடுநாள் கூடி வாழ்ந்த இணைகளே அவ்வாறு ஒத்துப் பாடக் கூடியவை.

இதற்கும் இனப்பெருக்கத்துக்கும் தொடர்பு யாது என்பீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கௌதாரி தரையிலேயே, புதரடியில் ஆறு முதல் எட்டு முட்டைகள் இடும். பொரித்த குஞ்சுகளுக்குப் புழு பூச்சி வேண்டும். அவை கிடைக்கும் நிலத்தைக் குஞ்சுகள் வளரும்வரை பிறர் கைக்கு விடலாகாது. அளவு மீறினால் குரலே பகையுமாகும். ஆஸ்திரேலியாவின் சிறு ரென் பறவைகளில், கூட்டிலிருந்தபடியே மிகுதியாகப் பாடிய பெட்டைகளின் கூடுகள் அதிகம் சூறையாடப்பட்டன என 2016இல் அறிந்தனர்.

கௌதாரிக்கோ பகை மனிதனே. வேட்டைக்காரன் பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டிலடைத்துப் புதரோரம் வைத்துக் கூவ விடுவான். இதைப் ‘பார்வை’ என்பர். அயலான் புகுந்தான் என்று சினந்து, நிலத்துக்குரிய பறவை கண்ணியை நோக்கி ஓடிவரும். எல்லையை ஊக்கமாகக் காப்பது எதுவோ, அதுவே முதலில் சிக்குகிறது. கௌதாரியைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடைகாக்கும் பருவத்தில் பெட்டை பிடிபட்டால், புதரடியில் கிடக்கும் முட்டைகளும் குளிர்ந்துபோகும்.