கடன் தீர்த்த குடும்பம்



கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கிய பணமும் கடன். நாம் ஆற்ற வேண்டிய கடமையும் கடன். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது மனிதனின் கடமை என்னும் எண்ணம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. இவ்விரு பொருளும் ஒன்றாகப் பொருந்தி நின்ற ஒரு குடும்பத்தின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன். அக்குடும்பம் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தது. ஆயினும், கடனைத் தீர்ப்பதற்காக அவர்கள் உலகைச் சுற்றி வந்தபோது, அவர்கள் ஏறிவந்த கப்பல் நம் சென்னையிலும் ஒரு நாள் நின்றது.

'டாம் சாயர்', 'ஹக்கிள்பெரி ஃபின்' ஆகிய கதைகளை எழுதிய மார்க் ட்வைனை நீங்கள் அறிவீர்கள். அவருடைய இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1835ஆம் ஆண்டு பிறந்தவர். 1870இல் ஒலிவியா என்னும் நங்கையை மணந்தார். ஒலிவியா நிலக்கரி வணிகம் செய்த செல்வர் ஒருவரின் மகள். சூசி, கிளாரா, ஜீன் என மூன்று பெண்மக்கள் இவர்களுக்கு இருந்தனர். 1874 முதல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பெரியதொரு மாளிகை கட்டி வாழ்ந்தனர். எழுத்தால் வந்த வருவாய் மிகுதி. மனைவியின் பிறந்தகத்துச் செல்வமும் உண்டு. விருந்தினருக்குக் குறைவில்லை, பணியாளருக்கும் குறைவில்லை.

இத்தகைய குடும்பம் கடனில் விழுந்தது எவ்வாறு? வறுமையால் அன்று, ஆசையால். இளமையில் அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர் ட்வைன். கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குவது எவ்வளவு மெல்ல நடக்கும் வேலை என்பது அவருக்குத் தெரியும். ஆதலின், எழுத்துக்களைத் தானே கோக்கும் இயந்திரம் ஒன்றை ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் அமைத்து வருகிறார் என்று அறிந்ததும், அதில் பணத்தைப் போட்டார். இன்று முடியும், நாளை முடியும் என்று ஆண்டுகள் கடந்தன. ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கொண்ட அவ்வியந்திரம் ஒரு நாள் ஓடும். மறுநாள் பழுதாகி நிற்கும். இதற்கிடையே மெர்கந்தாலர் என்பவரின் 'லினோடைப்' இயந்திரம் 1886இலேயே நியூயார்க் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ட்வைனோ, போட்ட பணம் வீணாகிவிடக் கூடாதே என்று மேலும் மேலும் பணத்தைப் போட்டார். போன பணத்தைத் தேடி இருக்கும் பணத்தை அனுப்புவது கடன்வழிகளுள் மிகப் பழையது.

இதுவன்றி அவர் ஒரு புத்தக வெளியீட்டு நிறுவனத்தையும் நடத்தி வந்தார். தளபதி கிராண்ட் எழுதிய நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு அந்நிறுவனம் முதலில் பெரும்பொருள் ஈட்டியது. பின்னர் நட்டத்தில் வீழ்ந்தது. 1893இல் அமெரிக்காவெங்கும் பணநெருக்கடி பரவியது. வங்கிகள் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டன. 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் நிறுவனம் முறிந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் இயந்திரமும் பயனற்றதெனக் கைவிடப்பட்டது. ஐம்பத்தொன்பது வயது நிரம்பும் வேளையில், எழுபதாயிரம் டாலருக்கும் மேற்பட்ட கடனோடு, ஏறக்குறைய நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் அவர் நின்றார்.

இந்த இடத்தில்தான் வரலாறு நமக்குப் பாடமாகத் தொடங்குகிறது.

கடன் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர், ஒரு டாலருக்கு ஐம்பது சென்ட், அதாவது பாதித் தொகை கிடைத்தாலே போதும் என்று இசைய இருந்தனர். பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை மறந்துவிட வழி இருந்தது. அதனை ஏற்க மறுத்தவர் ஒலிவியா. தம் கணவரின் பெயரை நம்பிப் பணம் கொடுத்தவர் எவரும் ஒரு காசும் இழக்கலாகாது என்பது அவர் உறுதி. ட்வைனும் அதற்கு உடன்பட்டார். முழுக் கடனையும் தீர்ப்பது என்று குடும்பமே முடிவு செய்தது.

முடிவு செய்வது எளிது. வழி காண்பதன்றோ அரிது? அவர்கள் கண்ட வழி மூன்று பகுதிகளை உடையது.

முதலாவது, செலவைச் சுருக்குதல். கடன் முற்றும் முன்னரே, 1891இல், அவர்கள் ஹார்ட்ஃபோர்டு மாளிகையைப் பூட்டிவிட்டு, செலவு குறைவாக இருந்த ஐரோப்பிய ஊர்களுக்குச் சென்று வாழத் தொடங்கியிருந்தனர். பதினேழு ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைப் பூட்டுவது ஒரு குடும்பத் தலைவிக்கு எளிய செயலன்று. ஆனால் சிறு செலவுகளைக் கிள்ளுவதால் மட்டும் பெருங்கடன் தீராது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். குடும்பத்தின் மிகப் பெரிய செலவு எதுவோ அதன்மேல் கைவைத்தார்கள்.

இரண்டாவது, ஈட்டும் கருவியைக் காத்தல். ஹென்றி ரோஜர்ஸ் என்பவர் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். அவர் நண்பராக வந்து கணக்கு வழக்குகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். நிறுவனத்துக்கு ஒலிவியாவும் தம் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்திருந்தார். அதனைக் காட்டி, ட்வைனின் நூல்களுக்கு உரிய பதிப்புரிமை ஒலிவியாவின் பெயருக்கு மாறும்படி ரோஜர்ஸ் செய்தார். நெருக்கடி வேளையில் அவ்வுரிமைகள் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தால் பிறகு எதைக்கொண்டு கடனைத் தீர்ப்பது? ஏர்மாட்டை விற்று வட்டி கட்டுகிற உழவன் அடுத்த ஆண்டு எதைக் கட்டி உழுவான்?

மூன்றாவது, புதிய வருவாய் தேடுதல். ட்வைன் மேடையில் பேசிச் சிரிக்க வைப்பதில் வல்லவர். ஆனால் ஊர் ஊராகச் சென்று பேசுவதை அவர் விரும்பியவரல்லர். விரும்பாத அவ்வேலையையே மேற்கொண்டார். 1895ஆம் ஆண்டு ஜூலையில் மனைவியையும் கிளாராவையும் உடன்கொண்டு புறப்பட்டார். காலில் பெருங்கட்டி, நடப்பதே துன்பம். அமெரிக்காவின் வடபகுதி நகரங்களில் பேசிவிட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை வழியாக 1896 ஜனவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார். அலகாபாத், காசி, கல்கத்தா, லாகூர் என வடநாட்டின் பல நகரங்களைக் கண்டார். மார்ச்சு இறுதியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, சென்னையில் ஒரு நாள் நின்று, இலங்கையில் தங்கி, மொரீஷியசுக்கும் பின்பு தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார். கிடைத்த பணத்தை அவர் தம் விருப்பப்படி செலவிடவில்லை. அது ரோஜர்ஸிடம் சேர்ந்து, கடன் கொடுத்தவர்களுக்காகக் காத்திருந்தது. கூடுதல் வருவாய் கைக்கு வந்த பின் கடனுக்கு ஒதுக்குவது ஒரு முறை; கடனுக்கென்றே நேராகப் போய்ச் சேரும்படி செய்வது மற்றொரு முறை. முன்னதில் மனம் தடுமாறும். பின்னதில் தடுமாற இடமில்லை.

நண்பர்களே, இக்குடும்பம் கொடுத்த விலை பணம் மட்டுமன்று. மூத்த மகள் சூசியும் இளையவள் ஜீனும் அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டிருந்தனர். பயணம் முடிந்ததும் இங்கிலாந்தில் அனைவரும் கூடுவதென்று ஏற்பாடு. 1896 ஜூலை இறுதியில் பெற்றோர் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். மகள்கள் வரவில்லை; சூசி நோயுற்றாள் என்னும் செய்தியே வந்தது. தாயும் கிளாராவும் உடனே கப்பல் ஏறினர். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஆகஸ்டு 18ஆம் நாள், பூட்டிக் கிடந்த அதே ஹார்ட்ஃபோர்டு மாளிகையில் மூளைக் காய்ச்சலால் சூசி இறந்தாள். அவளுக்கு வயது இருபத்து நான்கு. தந்தைக்குத் தந்திதான் வந்தது. மகளைக் கொன்றது நோயே, கடன் அன்று. ஆயினும் கடைசி ஓராண்டு முழுவதும் பெற்றோரை மகளிடமிருந்து பிரித்து வைத்தது கடனே. வட்டிக் கணக்கில் எழுதப்படாத செலவு இது.

துயரத்தில் ஆழ்ந்த குடும்பம் லண்டன் நகரில் எவரையும் காணாமல் ஒதுங்கி வாழ்ந்தது. அந்நிலையிலும் ட்வைன் தம் பயணத்தைப் பற்றிய நூலை எழுதினார். 1897இல் அது வெளிவந்தது. அவ்வாண்டு நியூயார்க் செய்தித்தாள் ஒன்று அவர் கடனைத் தீர்ப்பதற்கெனப் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கியது. குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. நூல் விற்ற பணமும் பேசிப் பெற்ற பணமும் சேர்ந்தன. 1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வியன்னா நகரில் வாழ்ந்தபோது, கடைசிக் கடனும் தீர்ந்தது. நான்கு ஆண்டுகளில் தீர்க்கலாம் என்று கணக்கிட்டிருந்தார். மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே தீர்ந்துவிட்டது.

இதன் பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். கடன் தீர்ந்த அதே ஆண்டில், நெசவுக்குரிய கோலங்களை வரையும் புதிய இயந்திரம் ஒன்று வியன்னாவில் ட்வைனின் கண்ணில் பட்டது. மீண்டும் பணம் போடும் ஆசை துளிர்த்தது. ரோஜர்ஸ் விசாரித்து அதனைத் தடுத்தார். ஒருவரைக் கடனில் இறக்கிய பழக்கம், கடன் தீர்ந்தவுடன் தானாகப் போய்விடுவதில்லை. அதனை அறிந்து 'வேண்டாம்' என்று சொல்லும் ஒருவர் வீட்டிலோ நட்பிலோ இருப்பது பெரும்பேறு.

உலகம் அறிந்த எழுத்தாளரின் கதை நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். மாதச் சம்பளத்தில் வாழும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் கடன். நம் ஊர் வழக்கில் 'மூன்று வட்டி', அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு என்று சொன்னால் திடுக்கிடுகிறோம். மூன்று வட்டி என்றால் சிறிதாகத் தோன்றுகிறது. முதல் மாத வட்டி 1,800 ரூபாய். மாதந்தோறும் அந்த 1,800 ரூபாயை மட்டும் கட்டினால், பத்து ஆண்டு கட்டினாலும் 60,000 அப்படியே நிற்கும். மாதம் 3,000 ரூபாய் கட்டினால் 31 மாதங்களில் கடன் தீரும். கட்டிய மொத்தம் 93,000 ரூபாய். மாதம் 4,000 ரூபாய் கட்டினாலோ 21ஆம் மாதத்திலேயே தீர்ந்துவிடும். கட்டிய மொத்தம் ஏறக்குறைய 81,000 ரூபாய்தான். மாதம் ஓராயிரம் கூடுதலாகக் கட்டியதால் பத்து மாதமும் 12,000 ரூபாயும் மிஞ்சின. அந்த ஓராயிரம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் வரலாம். தையல் தைத்தும் வரலாம். தேவையற்ற செலவொன்றை நிறுத்தியும் வரலாம்.

இதற்கு முதற்படி, கணக்கை எழுதுதல். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று ஒரே தாளில் எழுதி, வீட்டிலுள்ள பெரியோர் அனைவரும் காணும்படி வைக்க வேண்டும். பல வீடுகளில் கணவன் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி வைத்த அடகு கணவனுக்குத் தெரியாது. மறைத்த கடன் மறைவிலேயே வளரும். எழுதிய பின்னர், மிகுந்த வட்டி உடைய கடனை முதலில் அடைக்க வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலிய கொடுமைகளைத் தடுப்பதற்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் சட்டமே உண்டு. அதனையும் அறிந்திருத்தல் நன்று. இன்று கடன் வாங்க எவர் வீட்டு வாயிலிலும் நிற்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் அலைபேசியில் விரல் பட்டால் போதும். கேட்கும்போது வரும் கூச்சம் முன்பு பலரைத் தடுத்தது. அத்தடை நீங்கிய காலத்தில் கணக்கு ஒன்றே நமக்குக் காவல்.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டின் வரவு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்த பிள்ளை, பெற்றோரிடம் எதைக் கேட்கலாம், எதைப் பிறகு கேட்கலாம் என்று தானே உணரும். உங்கள் கைச்செலவுக்குக் கிடைக்கும் சிறு தொகைக்கும் இன்றே ஒரு கணக்கு எழுதத் தொடங்குங்கள். பத்து ரூபாய்க்குக் கணக்கு எழுதப் பழகிய கை, பின்னாளில் பத்தாயிரத்துக்குக் கையெழுத்திடும் முன் சற்றே நின்று யோசிக்கும்.