தோம்பில் ஏறாத வீடுகள்

வண்ணாத்திவில்லுவுக்கு வடக்கே, இலவன்குளத்தைத் தாண்டி, கலா ஓயாவின் அக்கரையில், வில்பத்துக் காட்டினுள்ளே பொம்பரிப்பு என்னும் இடம் இருக்கின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்தோர், இறந்தோரின் என்புகளைத் தாழியிலிட்டு, சிறு கலங்களையும் மணிகளையும் உடன் வைத்துப் புதைத்தனர். 1920களிலும், பின்னர் 1956இலும் 1970இலும் ஆய்வாளர் அவற்றை அகழ்ந்தனர். தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பேசுவோர் பலர்.

அன்று அடுக்களையிற் கிடந்த மட்கலம் இன்று அரும்பொருள். நூதனசாலைகளின் வழக்கம் அதுவே. பழமை ஏறினாற் பானைக்கும் மதிப்பு ஏறும். நேற்று வீடிழந்தவன் கையிலிருக்கும் பானைக்கு அங்கே இடமில்லை. இவ்வழக்கத்தைச் சற்றே மாற்றிப் பார்த்தது, 2004இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு கண்காட்சி.

யாழ்ப்பாணம் பெருநகரமன்று. நாவலர் வீதியிலுள்ள அதன் நூதனசாலையும் சிறியதே. கந்தரோடையிற் கிடைத்த பொருள்கள், ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகள், இவற்றோடு விக்டோரியா மகாராணியின் ஓவியமொன்றும் அங்கு உண்டு. போரிலே துளைபட்ட ஓவியம் அது. மகாராணியின் முகத்தைக் காட்டிலும் அத்துளைகளே பார்ப்போரை நெடுநேரம் நிறுத்தி வைக்கும்.

1981இல் எரியூட்டப்பட்டு, பின்னர் புதுக்கிக் கட்டப்பட்ட பொது நூலகத்திலேதான் ‘அகம் புறம்’ என்ற அக்கண்காட்சி நடைபெற்றது. ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து அன்றாடப் பொருள்களைச் சேகரித்து, அவற்றை அங்கே காட்சிக்கு வைத்தார். ‘வரலாறுகளின் வரலாறு’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. இத்தகைய இடத்துக்குச் செல்வோர் வாயிலிலேயே, “ஓவியம் எங்கே?” என்று கேட்பது இயல்பு. அக்கேள்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்தாயிரம் பாட்டுக் கேட்ட காதும் புதிய இராகத்துக்குச் சற்றுத் தயங்கத்தான் செய்யும். ஆனால் தன் வீட்டில் உள்ளது போன்றதொரு பொருளைக் கண்ணாடிக்கு அப்பாற் கண்டவன், அதன் உடையவர் எங்கே போயினார் என்று கேளாமல் நகர்வதில்லை. கலை செய்யும் வேலையில் இதுவும் ஒன்று.

அதே ஓவியர் 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கு எழுதி வைத்த காணிப் பதிவேடு. இன்னாருக்கு இவ்வளவு நிலம் என்பதை அது சொல்லும். வரி வாங்குவோனுக்கு அதுவே போதும். இந்நூலோ, போரால் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேரின் தோம்பு. வீட்டைப் பிரிந்தவர் நினைவிலிருந்து தம் கையாலேயே அதன் தளப்படத்தை வரைந்தார். அதனைக் கட்டடக் கலைஞர் அளவுப்படுத்தி வரைந்தார். மூன்றாவதாக ஓவியர் தம் ஓவியத்தைத் தீட்டினார். ஒரு வீட்டுக்கு மூன்று படங்கள். இவற்றுள் முதலாவதே விலைமதிப்பற்றது என்று துணிந்து கூறலாம். அளவு தெரிந்த கை கதவை அதன் இடத்தில் வைக்கும். நினைவு வரையும் கையோ தலைவாசலைச் சிறிதாக்கிக் கிணற்றடியைப் பெரிதாக்கும். நாளெல்லாம் கழிந்த இடம் எது என்பது அதிலே தெரியும்.

புத்தளப் பகுதியில் இச்செய்தியைக் கேட்போருக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். அவர்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம் மாவட்டத்தில். அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். சோனகதெருவிலே தம் வீட்டு விறாந்தை எத்திசை நோக்கியிருந்தது என்று அறிந்தோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

இதற்கு நூதனசாலை கட்டும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. எண்பது பேரிடம் ஓவியர் கேட்டது ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடிய வேலைதான். புத்தளத்திலும் வண்ணாத்திவில்லுவிலும் உள்ள பாடசாலைகளில் சித்திர பாடம் நடக்கின்றது. பூவும் குடமும் வரையும் பிள்ளை, ஒருநாள் அத்தாளை வாப்பும்மாவிடம் கொடுத்து, “உங்கள் வீட்டில் கிணறு எப்பக்கம் இருந்தது?” என்று கேட்கலாம்.