அதிர்ஷ்டமா, உழைப்பா?



இன்று சங்கீதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நாம் பேசப்போவது பாகவதர் கச்சேரியைப் பற்றியல்ல. அமெரிக்காவில் மூன்று வாலிபர்கள் போட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றி. குழுவின் பெயர் நிர்வாணா. சிரிக்க வேண்டாம், அது பௌத்தர்கள் சொல்லும் நிர்வாணந்தான். ஆனால் தட்டின் அட்டையிலோ அம்மணமாக ஒரு குழந்தை, தூண்டிலில் கோத்த டாலர் நோட்டை நோக்கித் தண்ணீருக்குள் நீந்துகிறது. பணத்தின் இழுப்புக்கு இதைவிட வியாக்கியானம் வேண்டுமா?

1991 செப்டம்பர் 24இல் வெளிவந்த இந்த ‘நெவர்மைண்ட்’ தட்டுக்கு ஒரே நாளில் யோகம் அடித்ததாகப் பலர் சொல்லுகிறார்கள். அந்த யோகத்தின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

கர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும் வாஷிங்டன் மாகாணத்தில் மரம் வெட்டிப் பிழைக்கும் அபர்டீன் ஊரிலிருந்து கிளம்பியவர்கள். 1989இல் வந்த முதல் தட்டைப் பதிவு செய்ய அவர்கள் கொடுத்தது 606 டாலரும் சில்லறையும். டிரம்ஸ்காரர்கள் மாறி மாறி, 1990இல்தான் டேவ் குரோல் வந்தார். அவ்வருஷமே புட்ச் விக் என்பவரிடம் மாடிசன் நகரில் ஒத்திகை போலச் சில பாட்டுகளைப் பதிந்தார்கள். பிறகு 1991 மே, ஜூன் மாதங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சவுண்ட் சிட்டி பதிவுக்கூடத்தில் பெரிய வேலை நடந்தது. குரலை இரண்டு தடவை பதிந்து ஒன்றின்மேல் ஒன்று சேர்க்கலாம் என்றார் விக். கோபேன் மறுத்தார். ஜான் லெனனும் அப்படிச் செய்தவர்தான் என்றதும் இசைந்தார். பெரியவர் பெயரைச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பது அங்கேயும் உண்டு போலும்!

ஆரம்பத்தில் அமெரிக்காவுக்கென்று அச்சடித்தவை 46,251 பிரதிகள்தான். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டது. எம்டிவி அந்தப் பாட்டை ஓயாமல் காட்டிற்று. கம்பெனியும் பணம் போட்டது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் தட்டையே கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. இன்றைக்கு உலகமெங்கும் 3 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. வருஷக்கணக்கான உழைப்பு, கைதேர்ந்த பதிவு, விளம்பரம் ஆகிய இத்தனை காரணங்களையும் விட்டுவிட்டு, ஜாதகத்தைத் தேடுவானேன்?

புகழ் வந்தபின் நடந்ததுதான் முக்கியம். 1992 அக்டோபரில் பியூனஸ் அயர்ஸ் நகரில் இவர்களுக்கு முன் வாசித்த பெண்கள் குழுவைக் கூட்டத்தார் கூச்சலிட்டு அவமதித்தார்கள். நிர்வாணாவோ, ஜனங்கள் கேட்க வந்த பேர்போன பாட்டைத் தொடங்குவதுபோல் காட்டிப் பாடாமலே விட்டது. பெண்களையும் வேறு நிறத்தாரையும் ஒருபாலின விருப்பமுள்ளவர்களையும் வெறுப்பவர்கள் எங்கள் கச்சேரிக்கே வரவேண்டாம் என்று அவ்வருஷமே தட்டின் உறையில் அச்சிட்டார் கோபேன். காசு கொடுத்தவன் எஜமானன் என்று பல்லைக் காட்டாத இந்த மானத்தைத்தான் நாம் மெச்சுகிறோம்.

1994 ஏப்ரலில் கோபேன் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 27. உடனே, ‘இருபத்தேழு பொல்லாத எண், அந்த வயதில் பாடகர்கள் சாவார்கள்’ என்று கிளப்பிவிட்டார்கள். 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகை 1,046 இசைக்காரர்களின் கணக்கைப் பார்த்து, அந்த வயதுக்கென்று தனிச் சாவு ஏதுமில்லை என்று வெளியிட்டது. ஹெராயின் பழக்கமும் மனச்சோர்வும் வைத்தியம் செய்ய வேண்டிய நோய்கள். எண்ணைக் குற்றம் சொல்லிவிட்டால் நோயாளியை யார் கவனிப்பார்கள்? தோழர்களே, உங்கள் வீட்டில் ஒரு வாலிபன் பேச்சற்றுச் சோர்ந்து கிடந்தால் கிரகத்தைக் கேளாதீர்கள், அவனைக் கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.

இவ்வளவே நாம் சொல்ல வந்தது.