திறமை கூடுவது எந்த வேலைக்காக?

படித்தவர்கள் திரண்டால் நகரம் தானாகவே பசுமையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெங்களூரில் குவிந்திருக்கும் பொறியாளர் கூட்டத்துக்கு இந்தியாவில் ஈடு காண்பது கடினம். ஆனால் மென்பொருள் வளாகங்கள் சூழ்ந்த பெள்ளந்தூர் ஏரி அங்கே சாலை வரை நுரை தள்ளியது. 2017 பிப்ரவரியில் தீப்பற்றிப் புகைந்தது. நகரத்தின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் கலந்ததுதான் காரணம். அதைத் தடுக்கும் அறிவு அந்த ஊரில் இருந்தது. அந்த வளாகங்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் தந்த வேலையில்தான் ஏரிக்கு இடமில்லை.

திருப்பூரில் நடந்தது வேறு. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் உப்பாறாகி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாய மாஸ்டர், வேதியியலாளர், சவ்வு வடிகட்டி தெரிந்த பொறியாளர், கணக்கறிந்த முதலாளி எல்லாரும் ஒரே ஊரில் இருந்தார்கள். வடிகட்டியபின் மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சும் ஆவியாக்கிகள் திணறின. அதனால், உப்புக் கரைசலை முழுவதும் காய்ச்சுவதை விட்டு, அதையே தெளியவைத்துச் சாயத்தொட்டிக்குத் திருப்பும் முறை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேரூன்றியது. பட்டறையில் துணி சரியாக நிறமேறுகிறதா என்று பார்க்காமல் இதைத் தீர்த்திருக்க முடியாது. அருகருகே இருப்பதன் பலன் அதுதான்.

இது நீதிமன்றத்தின் சாதனைதானே, திறமைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீர்ப்பு இல்லாமல் எதுவும் அசைந்திருக்காது. என் வாதத்தில் பாதியே அதுதான். ஆனால் 2006-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பாருங்கள். உத்தரவு கையில் இருந்தும் ஆறு மீளவில்லை. கட்டாயம் கேள்வியை எழுப்பும். பதிலைத் தொட்டியருகில் நிற்பவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: இந்தச் சுத்திகரிப்பு முறை ஏராளமான மின்சாரத்தை விழுங்குகிறது, கடைசியில் மிஞ்சும் கலவை உப்பு கொட்ட இடமின்றி மூட்டைகளில் கிடக்கிறது. உண்மை. ஆற்றில் கரைந்து போயிருக்க வேண்டிய உப்பு இப்போது கிடங்கில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை நான் முன்னேற்றமாகவே எண்ணுகிறேன். ஆனாலும் கிடங்கு நிரம்பிக்கொண்டுதான் இருக்கும்.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போவீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோர் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். மாநகராட்சியிலும் குடிநீர் வாரியத்திலும் கழிவுநீர்ப் பொறியாளருக்குக் கௌரவமான சம்பளமும் துணிந்து சோதித்துப் பார்க்கும் சுதந்திரமும் தரவேண்டியது அரசின் கடமை; அதை உங்கள் தியாகத்தின் மேல் சுமத்தக் கூடாது. உங்களிடம் நான் கேட்பது சிறியது. எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், அதன் கழிவுநீர் எந்த வாய்க்காலில் சேர்கிறது என்று முதல் மாதத்திலேயே விசாரியுங்கள். வேதியியல் படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேண்டுகோள்: அந்தக் கலவை உப்பைக் குறைந்த செலவில் தனித்தனி உப்புகளாகப் பிரிக்கும் வழியைத் தேடுங்கள்.